வெந்தயத்தை எப்போது இறக்குவது

“வெந்தயத்தை இறக்கிற நேரம் வந்திட்டுது எண்டு உனக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?”

அம்மா இதைக் கேட்டபோது நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். யார் எதைக் கேட்டாலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணமே அதுதான். எழும்பி நின்று சொல் என்றால் தெரிந்ததும் தெரியாததாகிவிடும். வழக்கம்போல, “தெரியாதம்மா” என்றேன்.

“நிறத்திலயோ, மணத்திலயோ?”

“மணத்தில.”

“ம்... அதுதான்.” எனக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் கேட்டவர் போலத் தலையை ஆட்டிவிட்டு அம்மா வெளியே போய்விட்டார்.

தேங்காய் முடிந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. கேட்டது வேறு யாருமல்ல, லூசியா. எங்கள் ஒழுங்கையிலிருந்து கோயிலடி வரைக்கும் எந்த வீட்டில் தூள் முடிந்தாலும், செத்தல் மிளகாயையும் மல்லியையும் பையில் போட்டுக்கொண்டு வருவது என் அம்மாவிடம்தான். கல்யாணம், பிள்ளைகளின் முதல் நன்மை, செத்த வீட்டு முப்பத்தோராம் நாள் என்று எதற்குமே சரக்கு எங்கள் முற்றத்து அடுப்பில்தான் வறுபடும். அம்மா தாச்சிக்கு மேலே சிலுவை அடையாளம் போட்டுவிட்டு மல்லியைக் கொட்டுவார். சுற்றிவரப் பெண்கள் குந்தியிருந்து ஊர்க்கதை கதைப்பார்கள். அம்மா தாச்சியைப் பார்க்கவே மாட்டார். கதைக்கிற ஆளின் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே அகப்பையால் கிளறுவார். கதையின் நடுவில் திடீரென்று தாச்சி இறங்கிவிடும். அதற்கு ஒரு நொடி முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை.

அந்த அம்மாவா இப்போது என்னிடம் கேட்கிறார்?

யோசித்துப் பார்த்தால், கொஞ்சக் காலமாகவே அம்மா தாச்சிக்குள் குனிந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். கண்பார்வை குறைகிறதாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

தவக்காலத்துக்கு முன்னர் ஒரு நாள் மில்லில் நடந்ததும் நினைவுக்கு வந்தது. வறுத்த சரக்கை அரைப்பதற்குப் பட்டணத்துக்குக் கொண்டுபோயிருந்தோம். மில்லில் நிற்கும் அந்தோனிமுத்து அண்ணன் பையைத் திறந்தவுடனே முகத்தைச் சுழித்தார்.

“லூசியாக்கா, வெந்தயம் அடிப்பிடிச்சுப்போச்சே. இது உங்கட கைதானோ?”

“அடுப்படியில பிள்ளையை விட்டிட்டுப் போனனான்,” என்றார் அம்மா. நான் அன்று அடுப்புப் பக்கமே போகவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அம்மா பொய் சொல்கிறார் என்பதுதான் புதினமாக இருந்தது.

அதற்குப் பிறகு அம்மா மில்லுக்குப் போகவில்லை. அலுமாரியின் மேல் தட்டில் கிடந்த பெட்டியை இறக்கச் சொன்னார்.

அது சரக்கு அரைக்கிற சின்னக் கிரைண்டர். மெற்றில்டா மாமியின் மகன் டிலோஜன் கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. மெற்றில்டா மாமி என் அப்பாவின் தங்கை. டிலோஜனுக்கு அம்மாவின் தூள் இல்லாமல் சோறு இறங்காது. ஒவ்வொரு முறையும் இரண்டு பை கட்டிக்கொண்டு போவான். அந்த நன்றிக்குத்தான் கிரைண்டர். அன்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “இதுக்குள்ள ஒரு பிடி மல்லிதான் கொள்ளும். ஒரு வீட்டுத் தூளை அரைச்சு முடிக்க அடுத்த நத்தார்த் திருநாளும் வந்திடும்” என்று சொல்லி அலுமாரியில் வைத்ததுதான்.

இப்போது அதே அம்மா, “இனி வீட்டிலயே அரைப்பம். மில்லில கண்ட கண்ட சரக்கெல்லாம் கலக்குது” என்றார்.

எனக்கு அந்தக் கிரைண்டரைப் பிடித்துவிட்டது. அது கேள்வி கேட்காது. நான்தான் அதனிடம் கேட்க வேண்டும். அமத்திப் பிடித்துக்கொண்டே அரைத்தால் அடி சுடுகிறது, அந்தச் சூட்டில் தூள் பிசுபிசுத்து ஓரத்தில் அப்பிக்கொள்கிறது. விட்டு விட்டு அரைத்து, நடுவில் ஒருமுறை தூக்கிக் குலுக்கினால் ஒரே சீராக வருகிறது. பெருஞ்சீரகம் கெதியில் மசிந்துவிடும். மஞ்சள் துண்டை முழுதாகப் போட்டால் கல்லைப் போட்டது மாதிரித் துள்ளும், அதை முதலில் உரலில் உடைத்துக்கொள்ள வேண்டும். அரைத்ததை அரிதட்டில் அரித்து, மேலே தங்குகிற கப்பியைத் திரும்பவும் உள்ளே போட வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒரு பிடி பச்சையரிசியை அரைத்துக் கொட்டினால் பழைய மணம் அரிசியோடு போய்விடும்.

மூடியை உடனே திறக்கக் கூடாது என்பதை மட்டும் அழுதுதான் படித்தோம். முதல் நாள் மிளகாயை அரைத்து, நின்றதும் நிற்காததுமாகத் திறந்தேன். சிவப்புப் புகை எழும்பியது. அம்மாவும் நானும் தும்மிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினோம். வேலியோரம் நின்ற கழுதைகூட மிரண்டு விலகியது. அம்மா கண்ணீர் வழியச் சிரித்தார். கனநாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்தார்.

முழு மல்லியைக் கையில் அள்ளி மணந்தால் பெரிதாக ஒன்றுமில்லை. உடைந்த அந்த நொடியில் எங்கிருந்து அவ்வளவு மணம் வருகிறது? அதுவரை எங்கே இருந்தது? இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல், ஒவ்வொன்றாகத் தனித்தனியே அரைத்து மணந்து பார்க்கத் தொடங்கினேன். ஏலக்காயை, கராம்பை, காய்ந்த தேசித்தோலைக்கூட.

அப்படி ஒரு நாள் சிவப்பரிசியை வறுத்து அரைத்துப் பார்த்தேன். பக்கத்தில் வறுத்த மல்லி பேப்பரில் ஆறிக்கொண்டிருந்தது. அரிசி மாவும் மல்லித்தூளின் நிறத்தில்தான் வந்தது. அம்மா உள்ளே வந்தார். மூடியை எடுத்தார். மூக்குக்குக் கிட்டப் பிடித்து ஆழமாக இழுத்தார்.

“மல்லி நல்ல பதம். மணம் தூக்குது,” என்றார்.

அம்மா மூடியைத் திரும்ப வைத்துவிட்டு மீன் வெட்டப் போனார்.

நான் அந்த மாவை எடுத்து மணந்து பார்த்தேன். வறுத்த அரிசி மணந்தது. மல்லி அதில் துளிகூட இல்லை.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து பொருந்தியது. அப்பா கழற்றிப் போட்ட சேட்டைக் காட்டி, “இதைத் தோய்க்கோணுமோ பார்” என்று என்னிடம் தந்தது. சந்தை மீனைத் தான் மணக்காமல் செவுளை மட்டும் விரித்துப் பார்த்தது. பால் புளித்தது தெரியாமல் தேத்தண்ணியில் ஊற்றியது. மார்கழியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு காய்ச்சல் வந்து போனது. அப்பாவுக்கும் எனக்கும் ஒரு கிழமைக்குச் சாப்பாடு மண் மாதிரி இருந்து, பிறகு சரியானது. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் இடித்தது. மணம் தெரியாதவர் மிளகாய்க்கு எப்படித் தும்முவார்?

அம்மா செபக் கூட்டத்துக்குப் போன ஒரு பின்னேரம், குசினிக் கதவைச் சாத்திவிட்டு, அரைத்த எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் வரிசையாக வைத்தேன். மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மல்லித்தூளை நாக்கில் வைத்தேன். கடற்கரை மண். பெருஞ்சீரகம் கொஞ்சம் இனித்தது, அவ்வளவுதான். கறுவாப்பட்டை வெறும் மரத்தூள் மாதிரி. வெந்தயம் கைப்பு மட்டும். பிறகு மிளகாய்த்தூளைத் தொட்டேன். அது எரிந்தது! மூக்கைப் பொத்தியிருந்தும் எரிந்தது, கண் கலங்கியது, தொண்டை கமறியது. எரிவு வேறு வழியால் வருகிறது. மணம் வருகிற வழி அதுவல்ல.

விரலை எடுத்தேன். வாய்க்குள் கிடந்த மல்லி, கறுவா, பெருஞ்சீரகம் எல்லாம் ஒரே நேரத்தில் மூக்குக்குள் பாய்ந்து வந்தன. கோயில் திருநாள் அன்று கதவு திறந்ததும் சனம் பாய்வது போல.

அம்மாவுக்கு அந்தக் கதவு திறப்பதே இல்லை. உள்ளே வருவது மிளகாயின் எரிவு மட்டும்தான். எங்கள் வீட்டுக் குழம்பு ஏன் வரவரச் சிவக்கிறது என்பதும் அப்போது விளங்கியது. தனக்குத் தெரிகிற ஒன்றையே அம்மா கூடக் கூடப் போட்டிருக்கிறார். “லூசியா, நடுக்கடலில நிண்டாலும் என்ர வயித்துக்குள்ள அடுப்பெரியுது” என்று அப்பா நெஞ்சைத் தடவுவார். அம்மா, “ஆம்பிளையள் எரிவு தாங்கோணும்” என்பார்.

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மா ஒளிப்பது ஏன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. லூசியாவுக்கு மணம் தெரியாதாம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், அடுத்த கிழமையே முற்றத்து அடுப்படியில் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். அப்பா பாதி நாள் கடலில். நானோ பேசாத பிள்ளை. அந்தப் பெண்களும் அந்தத் தாச்சியும் இல்லாவிட்டால் அம்மாவுக்கு வேறு என்ன இருக்கிறது?

அதன் பிறகு அம்மா வறுக்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் போய்க் குந்தினேன். மணம் பதத்துக்கு வந்ததும், “காணுமோ அம்மா, போதுமோ?” என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்பேன். “ஓம், காணும் காணும். இறக்கத்தான் போறன்” என்று அம்மா இறக்குவார். வெந்தயம் வரும்போது கொஞ்சம் முந்திக் கேட்பேன். அது நொடியில் கருகிவிடும். கருகினால் முழுத் தூளும் கைத்துப்போகும். இப்படி நாலைந்து வீட்டுத் தூள் நல்லபடி போனது. அம்மாவுக்கு எனக்குத் தெரியும் என்பது தெரியுமா? அதுதான் எனக்குத் தெரியாது. ஒருமுறை நான் கேட்க வாயெடுக்கும்போதே அம்மாவின் கை தாச்சியின் காதில் இருந்தது. என் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாரோ என்னவோ.

வெள்ளிக்கிழமை காலை மெற்றில்டா மாமி வந்தார். மாமி வருவதைப் படலை திறக்கும் முன்பே குரல் சொல்லிவிடும்.

“மச்சாள்! உயிரோட இருக்கிறீங்களோ, இல்லாட்டி அண்ணன் புதைச்சுப்போட்டாரோ?”

“வா மெற்றில்டா. இரு,” என்று அம்மா கதிரையை இழுத்துப் போட்டார்.

மாமி கதிரையில் இருக்கவில்லை. மூன்று பைகளை நிலத்தில் வைத்தார். செத்தல் மிளகாய், மல்லி, மற்றச் சரக்குகள். “பேசாலைப் பெடியன் ஒருத்தன் திங்கள் கட்டாருக்குப் போறான். டிலோஜனுக்குத் தூள் குடுத்துவிடோணும். இண்டைக்கே வறுத்து இண்டைக்கே அரைச்சுத் தாங்கோ. நானும் இருந்து பாத்துக்கொண்டு போறன்.”

“நீ ஏன் மினைக்கெடுறாய்? வைச்சிட்டுப் போ. பின்னேரம் நிறஞ்சலா கொண்டுவந்து தருவாள்” என்று அம்மா என்னைக் காட்டினார்.

“இல்லை மச்சாள். நான் இருக்கிறன்.” மாமியின் குரல் கொஞ்சம் இறங்கியது. “போன முறை கொண்டுபோன தூள் கைக்குதாம். எரியுதாம். அறையில இருக்கிற மலையாளப் பெடியங்களே வேண்டாம் எண்டுறாங்களாம். போனில அழாக்குறை. ‘அது மாமி வறுத்த தூள் இல்லை, ஆரோ ஏமாத்திப்போட்டினம்’ எண்டு சொல்லுறான்.”

அம்மா அடுப்பை மூட்டினார்.

மாமி திறந்து கிடந்த குசினிக்குள் எட்டிப் பார்த்து, “உந்தப் பெட்டியிலயோ அரைக்கிறீங்கள்? பெடி பகிடிக்கு வேண்டிக்கொண்டுவந்தது. பாத்தால் மூக்குப்பொடி டப்பா மாதிரிக் கிடக்கு!” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

மல்லிக்கு, “காணுமோ அம்மா?” என்றேன். இறங்கியது. சின்னச்சீரகத்துக்குக் கேட்டேன். இறங்கியது. பெருஞ்சீரகத்துக்குக் கேட்டபோது மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“உவள் என்ன கிளிப்பிள்ளை மாதிரி? வாயே திறக்காதவள், இண்டைக்குக் காணுமோ காணுமோ எண்டு. எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊத்து பிள்ளை, தொண்டை காஞ்சுபோச்சு.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தாச்சியைப் பார்த்தபடி, “போ பிள்ளை” என்றார்.

கேத்திலைக் காஸ் அடுப்பில் வைத்தேன். யன்னலால் மிளகாய் வறுபடும் நெடி வந்தது. அம்மா தும்முவது கேட்டது, மாமி தும்முவதும் கேட்டது. நெடி அடங்கியது. பிறகு, மெல்ல, வெந்தயம். முதலில் பருப்பு வறுத்தது போல ஒரு மணம். அடுத்தது சீனிப்பாகு மணம். இப்போது, இப்போது இறக்க வேண்டும். அகப்பை தாச்சியில் உரசும் சத்தம் நிற்கவில்லை. சீனிப்பாகு போய்க் கைப்பு வந்தது. அகப்பை இன்னும் உரசுகிறது.

தண்ணீர் கொதிப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அம்மா குனிந்து கிளறிக்கொண்டிருந்தார். மேகம் கறுத்து, முற்றத்தில் வெளிச்சம் மங்கியிருந்தது. அந்த மங்கலில் நிறம் பிடிபடாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். மாமி எதிரே இருந்தார். மாமி தாச்சியைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமிக்கு மணந்திருக்கிறது. மணந்தும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“இறக்குங்கோ அம்மா! கருகுது!”

அது என்னுடைய குரலா என்று எனக்கே தெரியவில்லை. பிடிதுணியும் இல்லாமல் பாவாடை நுனியால் தாச்சியைத் தூக்கி வெந்தயத்தை மண்ணில் கொட்டினேன். கறுத்துப்போயிருந்தது.

மாமி மெதுவாகக் கேட்டார். “குசினிக்குள்ள நிண்ட பிள்ளைக்கு மணக்குது. இஞ்ச இருக்கிற எனக்கும் மூக்கில அடிக்குது. உங்களுக்கு ஏன் மச்சாள் மணக்கேல்லை?”

அம்மா அகப்பையை மடியில் வைத்துக்கொண்டார். கேத்தில் உள்ளே விசிலடித்துக்கொண்டிருந்தது.

“எனக்கு ஒண்டுமே மணக்கிறேல்லை, மெற்றில்டா. மார்கழிக் காய்ச்சலோட போனது. இண்டைக்கு வரும், நாளைக்கு வரும் எண்டு இருந்தனான்.”

“பொய் சொல்லாதீங்கோ. இப்ப என்னோட சேந்து தும்மினீங்களே!”

“அது...” அம்மாவுக்கே அது புரிந்திருக்கவில்லை என்பதை அப்போதுதான் கண்டேன். மிளகாய்க்குத் தும்முகிற ஒவ்வொரு முறையும், மூக்கு திரும்ப வந்துவிட்டது என்று நம்பியிருக்கிறார்.

“மாமி,” என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு ஒட்டத்தான் பார்த்தது. “மூக்கைப் பொத்துங்கோ.”

“என்னடி?”

“பொத்துங்கோ மாமி. இறுக்கி.”

ஓடிப்போய்க் கிண்ணங்களைக் கொண்டுவந்தேன். முந்தின நாள் அரைத்த மல்லித்தூள், கறுவாத்தூள், மிளகாய்த்தூள். மாமி என்ன நினைத்தாரோ, மூக்கைப் பொத்திக்கொண்டு குழந்தைப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டினார். கண்ணை மூடச் சொன்னேன். மூடினார். மல்லியை வைத்தேன்.

“இது என்ன மாமி?”

“மண்,” என்றார் மாமி மூக்கால்.

கறுவாவை வைத்தேன்.

“இதுவும் மண். வேற மண்.”

மிளகாயை ஒரு துளி தொட்டு வைத்தேன். மாமி துள்ளி எழும்பினார். “அய்யோ மாதாவே!” மூக்கைப் பொத்திய கையை எடுத்துவிட்டார். எடுத்ததும் அப்படியே நின்றார். மல்லியும் கறுவாவும் மாமிக்குள் வந்து சேர்வது முகத்தில் தெரிந்தது. வாயை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, திரும்பவும் இழுத்தார். பிறகு திரும்ப மூக்கைப் பொத்தினார். நான் சொல்லவில்லை, தானாகவே பொத்தினார். பொத்தி, விட்டு, பொத்தி, விட்டு. ஒவ்வொரு முறை பொத்தும்போதும் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா குனிந்து, மண்ணில் கிடந்த கருகிய வெந்தயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கியிருந்தார். எதற்கென்று அவருக்கும் தெரிந்திருக்காது.

மாமி விரலை எடுத்தார். கண்ணைத் துடைத்தார். மிளகாய் எரிவுதானோ என்னவோ. தன் பைக்குள் கையை விட்டு, மிச்ச வெந்தயம் இருந்த பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். தாச்சியைத் திரும்ப அடுப்பில் தூக்கி வைத்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் கிடந்த தன் மூன்று பைகளையும், மழை வந்தால் நனையாமல், ஓலை இறவாரத்துக்குள் தள்ளி வைத்தார்.

பிறகு குடையை மட்டும் எடுத்துக்கொண்டு, படலையைத் திறந்து, “பின்னேரம் நீ கொண்டுவந்து தா பிள்ளை” என்றுவிட்டுப் போனார்.